வக்கீலைப் பார்க்க நான் ஐந்து மாதம் தாமதித்தேன்

2023-ம் வருடம் மகா சிவராத்திரி பிப்ரவரி 18, சனிக்கிழமை வந்தது. அன்று காலை பத்தரை மணி இருக்கும், வெண்ணாற்றங்கரைச் சாலையில் எக்ஸ்எல் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். நான் வீட்டிலேயே தையல் தைப்பவள். சாயங்காலம் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக ரவிக்கை கேட்டவர்களுக்குக் கொடுக்க, தைத்து முடித்த எட்டு ரவிக்கைகள் முன்னால் பையில் இருந்தன. அந்த மாதத் தொடக்கத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் டெல்டா முழுக்க சம்பா நெல் நனைந்துபோயிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் பிரச்சினை என்பதால் ஊரே சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தது. அதனால் சாலையில் பாதிதான் மிச்சம். எதிரே மூட்டை ஏற்றி வந்த குட்டியானை வண்டி, முன்னால் போன டிராக்டரை முந்த நினைத்து என் பக்கத்துக்கு வந்துவிட்டது. மோதிய சத்தம் எனக்கு நினைவில்லை. நெல்லின் மேல் விழுந்து கிடந்ததும், வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்ததும் நினைவிருக்கிறது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு அக்கா ஓடி வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என் கணவர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் பத்தாவது படிக்கும் மகனும், சர்க்கரை நோய் உள்ள மாமியாரும்தான். அதனால் விபத்துக்குப் பிறகு நடந்த எல்லாவற்றையும் படுக்கையில் இருந்தபடி நானே முடிவு செய்யவேண்டியிருந்தது. பலவற்றைத் தப்பாக முடிவு செய்தேன். அன்றைக்கு யாராவது ஒருவர் வந்து, "முதல் வாரத்திலேயே ஒரு வக்கீலிடம் போய்ப் பேசிவிடு, பேசுவதால் கேஸ் போட்டதாக ஆகிவிடாது" என்று சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ மிச்சமாகியிருக்கும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு மருத்துவமனை வாசலிலேயே நடந்தது. 108 ஆம்புலன்ஸில் என்னை ஏற்றியபோது கூட வந்தவர் பக்கத்துத் தெரு மாமா. நல்ல மனிதர். அவசர சிகிச்சைப் பிரிவில் "என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, போலீஸ் விவகாரம் எதற்கு என்று நினைத்து, "வண்டியிலேர்ந்து சறுக்கி விழுந்துட்டுது" என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இந்தப் பதிவேட்டின் நகலைத்தான். நான் வலியில் அரை மயக்கத்தில் இருந்தேன், அங்கே என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையில் வைத்திருந்த முதல் ஆயுதம் அந்த ஒற்றை வரிதான். உங்கள் வீட்டில் யாருக்காவது அடிபட்டால், உடன் போகிறவர் வண்டி மோதியது என்பதையும், தெரிந்தால் அதன் எண்ணையும் அங்கே சொல்லவேண்டும். எழுதியதைப் படித்துப் பார்க்கவும் வேண்டும். டாக்டர்களும் போலீஸும் பின்னால் எழுதுவதெல்லாம் இந்த முதல் வரியோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ்நாடு அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, அப்போதைய கணக்கில் 1 லட்சம் ரூபாய் வரை, அரசே ஏற்கும். அரசு மருத்துவமனைகளிலும் அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. எங்களுக்கு அது தெரியாது. முதலுதவி முடிந்ததும் உறவினர் ஒருவர் பேச்சைக் கேட்டு, திட்டத்தில் இல்லாத ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாறினோம். பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஒன்பது நாள் படுக்கை. பணத்துக்கு ஆறு சவரன் நகையை அடகு வைத்தேன்.

ஆறாம் நாள் வண்டிக்காரர் வந்தார். பக்கத்து ஊர்க்காரர்தான், முகம் தெரிந்தவர். கூடவே ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் என் கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "அம்மாடி, நீ லைசென்ஸ் எடுக்கல. கேஸுன்னு போனா உன்னையும் சேத்துத்தான் இழுப்பாங்க. வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, நீ கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைய முடியுமா?" உண்மைதான், என்னிடம் லைசென்ஸ் இல்லை. எங்கள் பக்கத்தில் எக்ஸ்எல் ஓட்டும் பெண்கள் பலரிடமும் கிடையாது. அதனாலேயே தப்பு என்னுடையது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் விபத்து நடந்த நொடியிலிருந்தே இருந்தது. போலீஸ் வந்தால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள் என்று பயந்தேன். 20,000 ரூபாய் கொடுத்தார்கள். இந்த எண்ணுள்ள வண்டி மோதியதில் எனக்குக் காயம் ஏற்பட்டது, இரு தரப்பும் சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ஸ்டேஷனிலும் அதைக் காட்டி முடித்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. அந்தத் தாளை என் மகன் மட்டும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தான். எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

அன்று இரவு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஏப்ரலில் காலில் சீழ் பிடித்தது. மறுபடி ஆபரேஷன். வண்டிக்காரருக்குப் போன் செய்தால், "அதான் எழுதிக் கொடுத்துட்டீங்களே தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை. எலும்பு முறிவு என்றால் முதல் மாதத்தில் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் இப்போது எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். எலும்பு கூடுமா, சீழ் பிடிக்குமா, கால் மடங்குமா, பழையபடி வேலை செய்ய முடியுமா என்று டாக்டருக்கே அப்போது தெரியாது. இழந்தது எவ்வளவு என்று தெரியாமல் எவ்வளவு வாங்கினால் சரி என்று எப்படிச் சொல்வது?

இதற்கு நடுவில் ஒரு ஏஜெண்ட் வந்தார். மருத்துவமனையில் யாருக்கெல்லாம் கால் உடைந்திருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. "ஒரு பைசா ஃபீஸ் வேணாம் அக்கா, வர்ற பணத்துல 30 பர்சென்ட் மட்டும் குடுங்க" என்றார். எழுதாத நாலு தாளில் கையெழுத்து வாங்கினார். ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரிஜினலாக வாங்கிப் போனார். டைப் செலவு, அது இது என்று மூன்று தவணையில் 8,000 ரூபாய் போனது. எந்த வக்கீல் என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வார், நேரில் பார்க்கவேண்டும் என்றால் அடுத்த வாரம் என்பார். மூன்று மாதம் இப்படியே ஓடியது. இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி ஒரு வக்கீல் ஆள் விட்டோ தானாகவோ வழக்கு பிடிக்கக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு என்று ஃபீஸ் பேசவும் கூடாது. இதைப் பிற்பாடு எனக்கு அமைந்த வக்கீல்தான் சொன்னார். ஆகவே படுக்கைக்கே தேடி வந்து பர்சென்ட் பேசுகிறவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் தாள்கள் உங்கள் பீரோவில் இருக்கட்டும், யார் கேட்டாலும் நகல் கொடுங்கள். எழுதாத தாளில் கையெழுத்து என்பது வேண்டவே வேண்டாம்.

நான் அவசரப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. "ஆக்சிடென்ட் கேஸ் எப்ப வேணா போடலாம், ரெண்டு வருஷம் கழிச்சுப் போட்டவங்கள்லாம் இருக்காங்க" என்று ஊரில் பலரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1994-க்குப் பிறகு பல வருடம் இந்த வழக்குக்குக் காலக்கெடு இல்லாமல்தான் இருந்தது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீடு கேட்டு மனு போடவேண்டும் என்று ஆகிவிட்டது. எனக்கு விபத்து நடந்தது அதற்குப் பத்து மாதம் கழித்து. ஊரில் பழைய சட்டத்தை வைத்தே பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் நம்பினேன். அந்த ஆறு மாதக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனாலும் அதை நம்பி யாரும் காத்திருக்கவேண்டாம். நாள்காட்டியில் விபத்துத் தேதியிலிருந்து ஆறு மாதத்தை எண்ணி ஒரு வட்டம் போட்டு வையுங்கள்.

ஜூலை முதல் வாரம், மகனுக்குச் சான்றிதழ் ஒன்று வாங்குவதற்காக ஊன்றுகோலோடு கும்பகோணம் போயிருந்தேன். நீதிமன்ற வளாகத்தைத் தாண்டும்போது சட்டப் பணிகள் குழுவின் பலகை கண்ணில் பட்டது. இலவச சட்ட உதவி என்று எழுதியிருந்தது. வெயிலுக்குக் கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் உள்ளே போனேன். அங்கிருந்த பெண்மணி என் காலைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா ஆச்சு?" என்றார். சொல்லத் தொடங்கியவள் அழுதுவிட்டேன். விபத்து நடந்த தேதி என்ன என்று கேட்டார். சொன்னதும் விரல் விட்டு எண்ணினார். "ஆகஸ்ட் 18. இன்னும் ஆறு வாரம்தான்மா இருக்கு" என்றார். ஐந்து மாதமாக யாருமே சொல்லாத தேதி.

பலருக்கும் தெரியாத விஷயம் இது: 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். இலவச வக்கீல் என்றால் வேலை செய்யமாட்டார் என்று என்னை நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். எனக்கு அமைந்தவர் நன்றாகவே செய்தார். ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின நாள் நானே போன் செய்து நினைவூட்டினேன். காசு கொடுத்து வைத்த வக்கீலாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

முதல் நாள் வக்கீல் கேட்டது என் பயத்தைத்தான். லைசென்ஸ் இல்லை என்றேன். அவர் முகம் மாறவில்லை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றம், அதற்கு இங்கே வழக்கமாக 5,000 ரூபாய் அபராதம். ஆனால் விபத்துக்கு யார் காரணம் என்பது வேறு கேள்வி. லைசென்ஸ் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து, அடிபட்டவருக்கும் விபத்தில் பங்கு உண்டு என்று சொல்லிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லியிருக்கிறது. இதை அவர் எனக்கு விளக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடப் பேச்சு பிப்ரவரியில் நடந்திருந்தால் நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன். தன் மேலும் தப்பு இருக்கிறது என்று நினைக்கிறவர்தான் முதலில் வக்கீலிடம் போகவேண்டும். ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனோம், வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது என்று எந்தச் சங்கடம் இருந்தாலும் அதை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதை எப்படியும் கண்டுபிடிப்பார்.

சமாதானத் தாள் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் படித்தவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுல வண்டி நம்பர் போட்டு, மோதிச்சுன்னு எழுதி, ஓனரே கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா" என்றார். என் வாயை அடைக்க எழுதிய தாள், அந்த வண்டிதான் மோதியது என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே எழுத்துச் சாட்சியாக ஆகிவிட்டது. ஏ.ஆர். காப்பியில் தானாக விழுந்தேன் என்று இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். இல்லை, வண்டியைப் பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் என்கிற மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கவும் இல்லை. மகன் எடுத்த அந்தப் படம் இல்லாவிட்டால் வழக்கே நின்றிருக்காது. எங்கே கையெழுத்துப் போட்டாலும் உடனே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் இவ்வளவு நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்றார்கள். வக்கீல் சொன்னபடி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஜூலை கடைசியில் வழக்குப் பதிவானது. முறைப்படி முதல் நாளே எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால், 48 மணி நேரத்துக்குள் போலீஸே விபத்து இழப்பீட்டு வழக்கைக் கேட்கும் தீர்ப்பாயத்துக்கு முதல் தகவல் அனுப்பியிருக்கவேண்டும், எனக்கு என்னென்ன உரிமை உண்டு என்ற தாளும் பத்து நாளில் என் கைக்கு வந்திருக்கவேண்டும். இதெல்லாம் 2022 முதல் விதியில் இருப்பவை. சமாதானம் என்று நான் கையெழுத்துப் போட்டதும் அத்தனையும் நின்றுபோயின. இந்த இடம்தான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது. யாரோ என்னிடமிருந்து பிடுங்கவில்லை, நானே கையால் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9-ம் தேதி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டோம். ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது. விபத்து நடந்த இடத்தில்தான் போடவேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் ஊருக்கான தீர்ப்பாயத்திலும் போடலாம். இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. வெளியூர் போகும்போது அடிபட்டவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும். எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை அதன் எண்ணை வைத்து எம்பரிவாகன் செயலியிலேயே பார்த்துவிட முடிகிறது. மோதிய வண்டியே தெரியவில்லை, நிற்காமல் போய்விட்டது என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. 2022 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், வருவாய்த் துறை அதிகாரி வழியாக விண்ணப்பிக்கவேண்டும். எலும்பு முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயம்தான்.

வழக்கு நடந்தபோது என்னை மிகவும் வாட்டியது பில்கள். எல்லாச் செலவையும் கூட்டினால் 1,85,000 ரூபாய் வந்தது. கையில் பில்லாக இருந்தது 1,12,400 ரூபாய்க்கு மட்டும். மீதி 72,600 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கவில்லை, பிசியோதெரபிக்குப் பணமாகக் கொடுத்தேன், தஞ்சாவூருக்குக் கார் வைத்துப் போனதற்குச் சீட்டு வாங்கவில்லை. சில பில்கள் அந்த ஏஜெண்டோடு போய்விட்டன. ஒரு பிளாஸ்டிக் உறை போதும், முதல் நாளிலிருந்து எல்லாச் சீட்டையும் அதில் போட்டுக்கொண்டே வாருங்கள். மருந்துக் கடைச் சீட்டின் மை சில மாதங்களில் அழிந்துவிடும், அதனால் படமும் எடுத்து வையுங்கள்.

வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது நான் திகைத்துவிட்டேன். வீட்டில் தைப்பவளிடம் சம்பளச் சீட்டு ஏது? வக்கீல் என்னை வீட்டுக்கு அனுப்பி எதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று தேடச் சொன்னார். என் அளவு நோட்டுகள் கிடைத்தன. ஆறு வருடத்து நோட்டு. யாருக்கு என்ன அளவு, எத்தனை ரவிக்கை, எவ்வளவு கூலி, பாக்கி எவ்வளவு என்று தேதியோடு என் கையெழுத்தில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்கம் பக்கமாக. கூடவே ஜிபே கணக்கு. மாதம் 15,000 சம்பாதித்தேன் என்று நான் சொன்னேன், தீர்ப்பாயம் 10,000 என்று எடுத்துக்கொண்டது. நோட்டு இல்லாவிட்டால் அதுவும் வந்திருக்குமா தெரியாது. பால் ஊற்றுகிறவர், பூக் கட்டுகிறவர், நடவு ஆள் கூட்டிப் போகிறவர் எல்லோரும் ஒரு நோட்டில் வரவை எழுதி வையுங்கள்.

2024 கடைசியில் லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் 2,25,000 ரூபாய்க்கு முடித்துக்கொள்ளலாம் என்று இன்சூரன்ஸ் தரப்பில் கேட்டார்கள். அந்த வாரம்தான் நகை ஏலத்துக்கு நோட்டீஸ் வந்திருந்தது. எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வக்கீல் வேண்டாம் என்று சொல்லவில்லை. லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது, மருத்துவக் குழு இன்னும் உங்கள் காலைப் பார்க்கவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். இரண்டு நாள் தூங்கவில்லை. கணவரிடம் போனில் அழுதேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு சவரன் ஏலத்தில் போய்விட்டது. அதே நகையை இன்றைய விலைக்கு என்னால் திரும்ப வாங்க முடியாது. லோக் அதாலத் கெட்டது என்று சொல்லமாட்டேன், சீக்கிரம் பணம் தேவைப்படுகிறவருக்கு அது நல்ல இடம்தான். உடம்பின் நிலை என்னவென்று தெரிந்த பிறகு அங்கே போங்கள்.

தஞ்சாவூரில் மருத்துவக் குழு பார்த்து, காலில் 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தது. கணுக்கால் முழுதாக மடங்காது. இங்கேதான் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம். சான்றில் உள்ள சதவீதம் வேறு, அதனால் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது என்பது வேறு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு கணுக்கால் மடங்காவிட்டால் வருமானம் பெரிதாகக் குறையாது. எனக்கு வலது கால்தான் தையல் மிஷினின் பெடல். என்ன வேலை செய்கிறோம், அதை எந்த உறுப்பால் செய்கிறோம் என்பதை வக்கீலிடம் நிதானமாக விளக்கிச் சொல்லவேண்டும். என் வக்கீல் வீட்டுக்கே வந்து நான் மிஷினில் உட்காருவதைப் பார்த்துவிட்டுப் போனார். குறுக்கு விசாரணையில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள்.

2025-ல் தீர்ப்பு வந்தது. கணக்கை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். மாத வருமானம் 10,000. விபத்தின்போது எனக்கு வயது 39, சொந்தத் தொழில், 40-க்குள் என்பதால் வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 14,000. வருடத்துக்கு 1,68,000. அந்த வயதுக்கு 15 ஆல் பெருக்கவேண்டும், 25,20,000. சம்பாத்தியக் குறைவு 20 சதவீதம் என்று முடிவு செய்து 5,04,000 ரூபாய். மருத்துவச் செலவு பில் இருந்த 1,12,400. வேலை செய்யாத ஐந்து மாதத்துக்கு 50,000, வலிக்கும் வேதனைக்கும் 50,000, உடனிருந்து பார்த்துக்கொண்டவர், பயணம், சத்துணவு எல்லாம் சேர்த்து 35,000. மொத்தம் 7,51,400. நான் வாங்கியிருந்த 20,000 ரூபாயைக் கழித்து 7,31,400, மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டி. ஏ.ஆர். காப்பியில் இருந்த வரியை நீதிபதி ஏற்கவில்லை. சமாதானத் தாளும், 108 ஆம்புலன்ஸ் பதிவில் லோடு வண்டி மோதியதாக இருந்ததும், அந்த அக்காவின் சாட்சியமும் அதற்குக் காரணம்.

நெல் துழாவிக்கொண்டிருந்த அந்த அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து கூண்டில் நின்றார். "சறுக்கி விழுந்ததை நீங்கள் பார்த்தீர்களா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். "அந்தப் புள்ள நெல்லு மேல ஏறவே இல்ல. வண்டி வந்து அடிச்சுதுங்க, நாந்தான் மடியில வச்சிருந்தேன்" என்று ஒரே பதிலைத்தான் சொன்னார். விபத்தைப் பார்த்தவர் பெயரையும் ஊரையும் அன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். நான் ஜூலையில்தான் தேடினேன். அடுத்த அறுவடைக்கு அவர் வேறு ஊருக்குப் போயிருந்தால் எனக்கு சாட்சி இல்லை.

எல்லாக் காயத்துக்கும் வக்கீல் வேண்டுமா என்று கேட்கிறார்கள். சிராய்ப்பு, இரண்டு ஊசி, மூன்று நாளில் வேலைக்குப் போய்விட்டேன் என்றால் பேசி முடித்துக்கொள்வதில் தப்பில்லை, ஒரு சிறு தொகைக்காக வருடக்கணக்கில் அலைவது எனக்கே சரியாகப் படவில்லை. ஆனால் எலும்பு முறிவு, தலையில் அடி, ஒரு இரவுக்கு மேல் மருத்துவமனை, இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லை, அடிபட்டது குழந்தை, எதிர்த்தரப்பு உங்கள் மேல் பழி சொல்கிறது, யாரோ ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார் என்று இதில் ஒன்று இருந்தாலும் அந்த வாரத்துக்குள் போய்க் கேட்டுவிடுங்கள். அடிபட்டவரால் முடியாவிட்டால் வீட்டு ஆள் போகலாம்.

போன மாதம் எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவனைக் கார் அடித்துவிட்டது. தொடையில் முறிவு. அவன் அம்மாவோடு நானும் ஆட்டோவில் போனேன். அவசரப் பிரிவில் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதும் அவர் என் முகத்தைப் பார்த்தார். கார் எண்ணை நான் சொன்னேன். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இருவரும் கும்பகோணம் கோர்ட்டுக்குப் போனோம்.